இருட்டுக் குழாயில் குங்குமம்

ஒளி வேதியியல் கூட்டத்தைக் குத்துவிளக்கு ஏற்றித்தான் தொடங்கினார்கள். ஐந்து முகத்தில் நாலை மேடையில் இருந்த பெரியவர்கள் ஏற்றினார்கள். ஐந்தாவதை இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஏற்றட்டும் என்று சொல்லி சத்யபிரியாவைக் கூப்பிட்டார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் மூன்றாவது வரிசை. முதல் வரிசையைத் தாண்டி ஒருவர் கண் மூன்றாவது வரிசைக்குப் போகுமா? போனது.

பொறாமை என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆறு வருஷமாக ஒரே மொட்டைமாடியில் வெயில் காய்ந்தவள் நான். அவள் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. எனக்கு வயிறு எரியாமல் வேறு யாருக்கு எரியும்?

இரண்டு பேருக்கும் ஒரே கைடு, ரகுநாத் சார். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் பின்பக்கத்தில் எங்கள் லேப். சாயப்பட்டறைத் தண்ணீரில் இருக்கும் நீலச் சாயத்தை வெயிலின் உதவியோடு அழிப்பதுதான் எங்கள் வேலை. கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகைப் பொடி. வெயிலில் வைத்தால் வெயில் பட்ட பொடி சாயத்தைத் தின்னும், நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். பெரிய கல்லூரிகளில் இதற்கு லட்சக்கணக்கில் விளக்கு வைத்திருக்கிறார்கள். எங்களுக்குச் சூரியன். புதுக்கோட்டையில் அதற்குப் பஞ்சமில்லை.

இதில் ஒரு விதி உண்டு. வெயிலில் ஒரு குழாய் வைத்தால், அதே தண்ணீர், அதே பொடி போட்டு இன்னொரு குழாயை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டு அலமாரிக்குள் வைக்க வேண்டும். டார்க் கன்ட்ரோல் என்போம். வெயிலில் வெளுத்தது இருட்டில் வெளுக்காமல் இருந்தால்தான், வேலை செய்தது வெளிச்சம் என்று சொல்ல முடியும். அந்த இருட்டுக் குழாய் மேல் ஒரு நிமிஷம் வெளிச்சம் பட்டாலும் மொத்தமும் பாழ். முதல் வருஷப் பிள்ளைக்கே இது தெரியும்.

சத்யபிரியா வல்லத்திராக்கோட்டைப் பெண். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள், வந்து இறங்கும்போது முகத்தில் ஒரு சோர்வு இருக்காது. நான் மாடிக்குக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு போனால் மேகம் வரும். அவள் போனால் விலகும். சார் அவளை 'சத்யா' என்பார். என்னை 'அமராவதி மேடம்' என்பார். மரியாதையாம். வேண்டாத விருந்தாளிக்கும் அதே மரியாதையைத்தான் கொடுப்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு நான் ஏன் இப்படித் துடித்தேன் என்றால், பேச வந்த இருபத்திரண்டு பேரில் ஒருவருக்குப் பெங்களூரில் ஒரு பெரிய லேசர் லேபில் ஆறு மாதம் வேலை செய்ய இடம். ஒரே ஓர் இடம். முப்பத்து மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு வருகிற ஜூனில் முப்பத்து மூன்று முடிகிறது. அவளுக்கு இருபத்தாறு. அவளுக்கு இன்னும் ஏழு கூட்டம் வரும். எனக்கு இது ஒன்றுதான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். செய்தது என்றுகூடச் சொல்ல முடியாது. சும்மா இருந்ததைச் சொல்கிறேன்.

போன ஆயுத பூஜை அன்று லேபில் யாரும் இல்லை. சத்யபிரியா ஒரு ஜோடிக் குழாய்களைத் தயார் செய்து, வெயில் குழாயை முதல் நாளே அளந்துவிட்டு, இருட்டுக் குழாயை மட்டும் அலமாரியில் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். நான் என் பழைய நோட்டுகளை எடுக்க வந்தேன். எங்கள் லேப் அட்டெண்டர் செல்லமுத்து அண்ணன் வாசலில் மேசையைப் போட்டு பூஜைக்கு ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தார். தராசு, ஹாட் பிளேட், பம்பு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. அவர் மனசில் எந்தப் பொருளையும் விட்டுவிடக் கூடாது. ஒன்றை விட்டால் அது கோபித்துக்கொண்டு வருஷம் முழுக்க மக்கர் பண்ணும் என்பார்.

அலமாரியையும் திறந்தார். சத்யபிரியாவின் குழாயை எடுத்தார். தாளின் மேல் பொட்டு நிற்கவில்லை போலிருக்கிறது, வழுக்கியது. பூப் போலத் தாளைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, மேசையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் நிற்க வைத்தார். மேசையில் நல்ல வெயில்.

அப்போது மணி பத்து இருபது. நான் நாலடி தள்ளி நின்றேன்.

"அண்ணே, அதப் பிரிக்கக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரை வந்தது. வந்த வார்த்தையை முழுங்கிவிட்டேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. அவளுடைய மூன்று மாத வேலை அந்தக் குழாயில்தான் முடிகிறது என்று தெரியும். முடியட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், அதை மாற்றிச் சொல்ல விரும்பவில்லை.

"இந்தாங்கம்மா, சுண்டல் எடுத்துக்கங்க" என்றார் அண்ணன்.

சுண்டலை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடம் காட்டி, வாட்ச்மேனுக்குப் பொரி கொடுத்து, எல்லாம் முடிந்து அண்ணன் அந்தக் குழாயைத் திரும்பத் தாளில் சுற்றி அலமாரியில் வைத்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. முன்பு இருந்ததைவிட அழகாகச் சுற்றியிருந்தார். என் நோட்டில் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்: 10.20 முதல் 12.35 வரை, நேர் வெயில். எதற்கு எழுதினேன்? ஆறு வருஷப் பழக்கம், வெளிச்ச நேரத்தைக் கண்டால் கை எழுதும். அதோடு, ஒருநாள் பயன்படும் என்றும் தோன்றியது.

விடுமுறை முடிந்து அவள் அந்தக் குழாயை அளந்தாள். மெஷினைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், மறுபடி மெஷினைப் பார்த்தாள். இருட்டிலேயே இருந்த சாயத்தில் பாதி காணோம். நான் என் மேசையில் ஏதோ படிப்பது போல இருந்தேன். மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, பூஜை அன்னைக்கு நீங்க லேபுக்கு வந்தீங்களா?"

"இல்லையே. நான் ஊர்லதான இருந்தேன். ஏன்?"

"சும்மாதான்க்கா."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் இன்னொரு தரம் அதையே கேட்டாள், நானும் அதையே சொன்னேன். நவம்பரிலிருந்து தீசிஸ் எழுதுகிறேன் என்று நான் கொடும்பாளூரில் வீட்டோடு இருந்துவிட்டேன். லேப் பக்கம் வருவது மாதம் ஒரு தடவை, கையெழுத்துப் போட.

கூட்டத்துக்கு முந்தின வாரம் எல்லாருடைய பேச்சுச் சுருக்கமும் போட்ட புத்தகம் மெயிலில் வந்தது. நேரே அவள் பக்கத்துக்குப் போனேன். தலைப்பைப் படித்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. 'வெளிச்சம் நின்ற பிறகும் வேலை செய்யும் பொடி.' அடிப் பாவி! செல்லமுத்து அண்ணன் பொட்டு வைத்த குழாயை நம்பி, இருட்டிலும் சாயம் போகிறது என்று ஒரு கண்டுபிடிப்பே பண்ணிவிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடி தனியாச் சிரிக்கிற?" என்று கேட்டார்கள்.

"பொறுத்தார் பூமியாள்வார்னு சொல்லுவீங்கல்ல, அது சரிதாம்மா" என்றேன்.

அந்த நோட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்கு வந்தேன்.

என் பேச்சு பதினொரு மணிக்கு. பத்து நிமிஷம். ஆறு வருஷத்தில் எடுத்த நூற்று நாற்பது அளவுகளையும் ஒரே படத்தில் காட்டினேன். சித்திரை வெயிலில் எவ்வளவு வேகம், மார்கழி வெயிலில் எவ்வளவு வேகம், எல்லாம் இருந்தது. ஒரு பையன் குழாயின் கனம் என்ன என்று கேட்டான். நடுவராக வந்திருந்த சொர்ணம் மேடம், அவர்தான் பெங்களூர் லேபின் தலைவர், மதுரைப் பக்கத்து மனுஷி, தலையாட்டிவிட்டு, "ரொம்ப ஒழுங்கா பண்ணியிருக்கீங்க" என்றார். ஒழுங்கு! பெண் பார்க்க வந்தவர்கள் பிடிக்காவிட்டால் காபி நன்றாக இருந்தது என்பார்களே, அது மாதிரி.

சத்யபிரியா பன்னிரண்டு மணிக்கு ஏறினாள். அன்று பச்சைச் சுங்குடிப் புடவை கட்டியிருந்தாள். அவளுக்கு நன்றாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் நாலு படம் சாதாரணம். ஐந்தாவது படத்தில் இரண்டு கோடுகள். வெயில் குழாயின் கோடு ஒன்று. அதற்குப் பக்கத்தில் இருட்டுக் குழாயின் கோடு, அதுவும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அரங்கில் ஒரு சலசலப்பு. சொர்ணம் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கேள்விகள் கடைசியில்தான் என்று சொல்லியிருந்தார்கள். நான் எழுந்துவிட்டேன். தமிழிலேயே கேட்கலாம் என்றும், சிறந்த கேள்விக்குப் பரிசு உண்டு என்றும் காலையிலேயே அறிவித்திருந்தார்கள்.

"ஒரு கேள்வி" என்றேன். "இந்த இருட்டுக் குழாய் உண்மையிலேயே இருட்டுல இருந்துச்சா? ஆயுத பூஜை அன்னைக்கு லேப் வாசல்ல, காலைல பத்து இருபதுல இருந்து பன்னெண்டு முப்பத்தஞ்சு வரைக்கும், தாளைப் பிரிச்சு நேர் வெயில்ல நின்னுச்சா இல்லையா? அந்தக் கண்ணாடியில குங்குமம் இருந்துச்சா இல்லையா?"

ரகுநாத் சார் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தேன் குடித்தது போல இருந்தது, ஒளிப்பானேன்.

சத்யபிரியா மேடையில் அழவில்லை. திணறவும் இல்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள்.

"அக்கா, நேரத்த இன்னொரு தரம் சொல்லுங்களேன்."

"பத்து இருபது. பன்னெண்டு முப்பத்தஞ்சு."

அவள் எழுதினாள். மனசுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு முகம் மலர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு மலர்ச்சியை நான் அவளிடமும் பார்த்ததில்லை.

"ரெண்டு மணி பதினஞ்சு நிமிஷம்" என்றாள் மைக்கில். "அடுத்த படத்தப் போடுறேன், மேடம்."

அடுத்த படம் ஒரு புகைப்படம். கண்ணாடிக் குழாய், விளிம்பில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். அரங்கு சிரித்தது.

அவள் சொன்னது இதுதான். விடுமுறை முடிந்து வந்ததும் குழாயில் குங்குமம் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். செல்லமுத்து அண்ணனைக் கேட்டிருக்கிறாள், அவரும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. 'சாமி கும்பிட்டு முடிக்கிற வரைக்கும்' என்றாராம். சரி, பாழாய்ப் போனது என்று குழாயைக் கொட்டப் போனவள், கொட்டாமல் யோசித்திருக்கிறாள். ஒரு பூஜை நேர வெயிலில் இவ்வளவு சாயம் போகாதே, மீதி எங்கே போயிற்று? புதிதாகக் குழாய்களைத் தயார் செய்து, கொஞ்ச நேரம் வெயிலில் காட்டி, தாளில் சுற்றி அலமாரியில் வைத்து, மணிக்கு ஒரு தரம் அளந்திருக்கிறாள். இருட்டுக்குள்ளும் சாயம் குறைந்துகொண்டே போயிருக்கிறது. அவள் பொடி வெயிலை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இருட்டில் வைத்துச் செலவழிக்கிறது. நான் கொடும்பாளூரில் தீசிஸ் எழுதிக்கொண்டிருந்த நாலு மாதமும் அவள் இதைத்தான் அறுபது குழாயில் செய்து பார்த்திருக்கிறாள்.

"அந்தக் கணக்க வச்சு, பூஜைக் கொழாய் எவ்வளவு நேரம் வெயில்ல நின்னிருக்கும்னு பின்னாடியே போய்க் கண்டுபிடிச்சேன், மேடம்." கடைசிப் படத்தைப் போட்டாள். அதில் ஒரே வரி: கணக்குப்படி இரண்டு மணி பத்து நிமிடம். அதற்குக் கீழே: சரிபார்க்க ஆள் இல்லை.

"இப்ப ஆள் கெடைச்சிருச்சு" என்றாள். "அஞ்சு நிமிஷந்தான் வித்தியாசம். ரொம்ப நன்றிக்கா."

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. நான் நின்றுகொண்டேயிருந்தேன். உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார் சொர்ணம் மேடம் என்னைப் பார்த்து. "இவ்வளவு துல்லியமா நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்கதான் இருந்தேன்" என்றேன். "நோட்ல எழுதி வச்சிருக்கேன்."

"கொண்டாங்க பார்ப்போம்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். தேதி, நேரம், நேர் வெயில். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். மேடம் அதை உயர்த்தி அரங்குக்குக் காட்டினார். "இளம் விஞ்ஞானிகளே, குறிப்பு எடுக்குறதுன்னா இப்படி எடுக்கணும்" என்றார். மறுபடி கைதட்டினார்கள். இந்த முறை எனக்கு.

ரகுநாத் சார் மட்டும் தட்டவில்லை. தேதியைப் பார்த்து, அன்றே தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை என்று புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் பெங்களூர் இடம் சத்யபிரியாவுக்கு என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னால் சிறந்த கேள்விக்கான பரிசை அறிவித்தார்கள். என் பெயர். மேடைக்குப் போனேன். பொன்னாடை போர்த்தி, பளபளவென்று ஒரு எவர்சில்வர் ஹாட்பாக்ஸைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

ஹாட்பாக்ஸை நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் பின்னால் ஓடிவரும் சத்தம்.

"அக்கா, ஹாட்பாக்ஸ வச்சுட்டு வந்துட்டீங்க."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

"நான் அங்க நின்னேன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்க்கா. நான் கேட்டப்பவே செல்லமுத்து அண்ணன் சொன்னாங்க. நீங்க சுண்டல் வாங்கிக்கிட்டுப் போனீங்கன்னு."

"அப்புறம் எதுக்கு, வந்தீங்களா வந்தீங்களான்னு ரெண்டு தரம் கேட்ட?"

அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். பள்ளிக்கூட பஸ் ஒன்று போனது.

"எனக்கு அந்த நேரந்தான்க்கா வேணும். நீங்க கண்டிப்பா குறிச்சு வச்சிருப்பீங்கன்னு தெரியும். வெளிச்சத்தப் பாத்தா நீங்க மணி பாக்காம இருக்க மாட்டீங்க, எனக்கு அதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பேப்பர் எழுதுனப்ப சார்கிட்ட, நேரத்த நீங்க குடுத்தா ரெண்டாவது பேரா ஒங்க பேரப் போடுவோம்னு சொன்னேன். சாரும் சரின்னாங்க. ஆனா நீங்கதான் வரவே இல்லன்னு சொல்லிட்டீங்களே. வராதவங்க பேர எப்படிக்கா போடுறது?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பது போலத்தான் கேட்டாள். பேப்பர் போன வாரமே பத்திரிகைக்குப் போய்விட்டதாம். வல்லத்திராக்கோட்டை பஸ் வந்ததும், "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். அவளுக்கு ஏறினதும் ஜன்னல் ஓரத்தில் சீட் கிடைத்தது.

நான் விராலிமலை பஸ்ஸில் ஹாட்பாக்ஸை இடுக்கிக்கொண்டு நின்றபடியும் உட்கார்ந்தபடியும் வீட்டுக்கு வந்தேன். அவள் பெங்களூரில் அந்த லேசர் மெஷினுக்கு முன்னால் நிற்பதை நினைத்தபோதெல்லாம் எரிந்தது. அவள் நல்லவள் என்று தெரிந்த பிறகு இன்னும் கூடுதலாகத்தான் எரிந்தது. கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

அம்மா ஹாட்பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள், விரலால் தட்டிப் பார்த்தார்கள்.

"நல்ல கனமா இருக்கே. எதுக்குக் குடுத்தாங்க?"

"கேள்வி கேட்டதுக்கும்மா."

"கேள்வி கேட்டதுக்கேவா?" அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப பதில் சொன்ன புள்ளைக்கு என்னத்தக் குடுத்தாங்க?"

"பெங்களூரக் குடுத்தாங்க" என்றேன்.